கருவிகளின் உறக்கமும் விழிப்பும்

சப்பிரகமுவத் தோட்டங்களில் முன்னாளில் வைகறைக்கு முன்னரே தப்பொலி எழும். அவ்வொலி கேட்டு லயன்களில் உறங்கினோர் எழுந்து பிரட்டுக் களத்திற் கூடுவர். கணக்கப்பிள்ளை செக்றோலிற் பெயர் பதிந்த பின்னரே வேலை தொடங்கும். இறப்பர்த் தோட்டமாயின் இன்னுமொரு நுட்பம் உண்டு. விடியற்காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்திருப்பின் பால் வெட்டுதல் இயலாது. ஆதலின் அந்நேரத்தில் வெட்டுவோரை எழுப்பிப் பயனில்லை. ஆனால், ஒருவன் மட்டும் எவ்விரவிலும் உறங்குவதில்லை. அவன் இராக்காவலாளி. அவனொருவன் விழித்திருப்பதனாலேயே ஏனையோர் அச்சமின்றி உறங்குகின்றனர்.

யாரை உறங்கவிடுவது, யாரை விழித்திருக்கச் செய்வது, எவ்வழைப்புக்கு எழுவது, எதற்கு எழாதிருப்பது என்னும் இவ்வினாக்கள் தோட்ட நிருவாகத்துக்கு மட்டும் உரியன அல்ல. இன்று நம் சட்டைப் பையிலுள்ள தொலைபேசி முதல் மலைச்சாரலில் மழை அளக்கும் பெட்டி வரை, கணினி எனப் பெயர் பெற்ற அனைத்தும் நாள்தோறும் பல்லாயிரம் முறை இவற்றுக்கு விடை காண்கின்றன. அவ்விடை எவ்வாறு காணப்படுகின்றது என்பதையே ஈண்டு விளக்கப் புகுந்தோம். இப்பொருளை யாம் விரும்பித் தேடிச் செல்லவில்லை. ஒரு பெட்டி உறங்காமற் கெட்டமையால் இதனைக் கற்க வேண்டுவதாயிற்று.

மலைச்சாரலில் வைத்த பெட்டி

களனி கங்கைக்கும் களு கங்கைக்கும் நீர் ஊட்டும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மலைகள் பெருமழையிற் சரியுந் தன்மையன. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி அரநாயக்கவிலே சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடிற்று. இறந்தோரும் காணாமற் போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை நாடு இழந்தது. அதே நாளிற் புளத்கொஹுபிட்டியவிலுள்ள களுபஹனத் தோட்டத்திலும் குடியிருப்பின் மீது மண் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் அல்லலுற்றது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் திட்வாப் புயல் கொணர்ந்த மழையும் மலைநாட்டிற் பெரும் மண்சரிவுகளை உண்டாக்கிற்று.

மண்சரிவு அபாயத்தைக் கணித்து எச்சரிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. அந்நிறுவனம் மழையின் அளவைக்கொண்டு மூன்று படிகளை வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை கடந்தால் மக்கள் அவதானமாயிருத்தல் வேண்டும், 100 மி.மீ. கடந்தால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும்; 150 மி.மீ. கடந்தாலோ, ஒரு மணி நேரத்திலேயே 75 மி.மீ. கடந்தாலோ, வெளியேறுதல் வேண்டும். ஆகவே, மழையைச் சரியாக அளந்து காலந் தாழ்த்தாது அறிவிப்பது உயிரோடு தொடர்புடைய செயலாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் யாமும் மாணவர் சிலரும் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் பின்புறத்திற் சிறு மழைமானி ஒன்றை நிறுவினோம். அதன் அமைப்பு எளிது. புனலின் கீழே தராசுபோல் அசையும் இரு சிறு கிண்ணங்கள் உள, 0.2 மி.மீ. மழை சேர்ந்தவுடன் ஒரு கிண்ணம் கவிழ, மற்றையது நிமிரும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு மின்தொடுப்பை மூடித் திறக்கும். எனவே 75 மி.மீ. மழை 375 கவிழ்ப்புகள், 150 மி.மீ. மழை 750 கவிழ்ப்புகள். கவிழ்ப்புகளை எண்ணுதற்கு ஒரு சிறு கணினி, செய்தி அனுப்புதற்குத் தொலைபேசி மோடம் ஒன்று, 12 உவோற்று, 7 அம்பியர்-மணி கொண்ட பற்றரி ஒன்று, அதனை நிரப்புதற்கு ஒரு சிறு சூரிய ஒளித் தகடு என்பன பெட்டியில் அடங்கின.

பற்றரியிற் சேமிக்கப்படும் ஆற்றல் 84 உவாற்று-மணி. எமது கணினி விழித்திருக்கும்போது ஏறக்குறைய 2 உவாற்று உண்ணும், உறங்கும்போது 0.05 உவாற்று போதும். பற்றரி முழுவதும் பயன்படுமெனக் கொண்டாற் கணக்கு இதுவாகும்: ஓயாது விழித்திருப்பின் 42 மணி நேரம்; ஓயாது உறங்கின் 1680 மணி நேரம், அஃதாவது 70 நாள். 750 கவிழ்ப்புகளுக்கும் 750 முறை விழித்து, ஒவ்வொரு முறையும் 2 செக்கன் வேலை செய்தாலும் மொத்தம் 25 நிமிடமே. ஓர் உவாற்று-மணி கூடச் செலவாகாது. ஆதலின் சூரியன் முகங் காட்டாத மழைக்காலத்திலும் பெட்டி பல வாரம் நிலைக்குமென நம்பினோம்.

அடைமழை தொடங்கிய மூன்றாம் நாள் இரவிலே பெட்டி நின்றுவிட்டது. நல்வினைப் பயனாய் அம்மலை அன்று சரியவில்லை. மறுநாட் காலையில் யாம் சென்றபோது, லயத்தில் வாழும் முதியவர் ஒருவர், "பெட்டி தூங்கிப் போச்சுங்களா, சார்? நாங்க அதை நம்பித்தானே படுத்தோம்" என்று கேட்டார். எம்மிடம் விடையில்லை. பெட்டி தூங்கவில்லை, தூங்காமையாலேயே மாண்டது என்பதைப் பின்னரே கண்டோம். அதனை விளங்குதற்கு முதலிற் கருவிகள் உறங்கும் முறையை அறிதல் வேண்டும்.

உறக்கம் என்பது யாது?

கணினியின் உறுப்புகள் யாவற்றையும் ஆளும் மென்பொருள் பணிசெயல் முறைமை எனப்படும். அதன் நடுவே இருந்து நினைவகம், செயலி, கருவிகள் என்பவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதியைக் கருனி என்பர். பின்லாந்தின் கெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ் என்னுங் கருனியே எமது பெட்டியிலும் இருந்தது. அண்ட்ரொயிட் தொலைபேசிகளின் உள்ளே இயங்குவதும் அதுவே.

கணினியை உறங்கச் செய்வதென்பது கருனி படிப்படியாகச் செய்யும் ஒரு தொழில். முதலில் அது பயனாளரின் நிரல்களை அசையாது நிறுத்தும். பின்னர் கருவிகளை ஒவ்வொன்றாய் ஓயச் செய்யும். ஈற்றிற் செயலியை நிறுத்தும். நினைவகம் மட்டும் தன்னிடமுள்ளதை மறவாதிருத்தற்கு வேண்டிய சிறிதளவு மின்னைப் பெற்றுக் கொண்டிருக்கும். எழும்போது இவையனைத்தும் எதிர் வரிசையில் நிகழும்.

கருவிகளின் உறக்கத்திலும் ஆழம் பல உண்டு. 1996ஆம் ஆண்டு இன்ரெல், மைக்ரோசொவ்ற், தொஷிபா ஆகிய நிறுவனங்கள் வகுத்து வெளியிட்ட ஏ. ஸீ. பீ. ஐ. என்னும் விதித் தொகுதி அவற்றை டீ-0 முதல் டீ-3 வரை எண்ணிட்டுக் கூறும். டீ-0 முழு விழிப்பு. டீ-3 மிக ஆழ்ந்த உறக்கம். அந்த டீ-3 தானும் இருவகை: மின் இணைப்பு நிற்கக் கருவி மட்டும் ஓய்வது ஒன்று, மின் இணைப்பே அறுபடுவது மற்றொன்று. உறக்கம் ஆழமாக ஆக மிச்சம் மிகும். எழுதற்கு வேண்டிய காலமும் மிகும்.

விழிப்புக்கு வேண்டிய மின்வலு

இங்கேதான் இடர் தோன்றுகின்றது. முற்றாக மின் அறுபட்ட கருவி பிறரை எவ்வாறு எழுப்பும்? காவலாளிக்குக் கையில் ஒரு விளக்காவது வேண்டுமன்றோ? எனவே, கணினி முழுவதும் உறங்கினும், அதனை எழுப்பும் உரிமை பெற்ற கருவிக்கு மட்டும் தனியே சிறிது மின்வலு வழங்குதல் வேண்டும். இதனை விழிப்பு மின்வலு என யாம் வழங்குவோம்.

அது இலவசமன்று என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மேசைக் கணினிகளிற் கருவிகளை இணைக்கும் பீ. ஸீ. ஐ. என்னும் முறையிலே, உறக்க நேரத்தில் வழங்குதற்கென 3.3 உவோற்றுத் துணை மின்வழி ஒன்று உண்டு. எழுப்பும் உரிமை கொடுக்கப்படாத கருவி அவ்வழியில் 20 மில்லியம்பியர் வரையே எடுக்கலாம். உரிமை கொடுக்கப்பட்டதாயின் 375 மில்லியம்பியர் வரை எடுக்கலாம். ஒரு கருவிக்கு உரிமை வழங்கிய மாத்திரத்தே அதன் பங்கின் எல்லை பதினெட்டு மடங்குக்கு மேல் உயர்கின்றது. ஆகையால் உரிமை வழங்குவோர் அதன் விலையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

லினக்ஸ் கருனி இவ்வுரிமையைக் கருவிதோறும் தனித்தனியே பதிந்து வைக்கின்றது. எழுப்பும் ஆற்றல் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பு உண்டு. அதில் இசைவு அல்லது மறுப்பு என எழுதலாம். ஆற்றல் இருப்பது வேறு, உரிமை இருப்பது வேறு என்னும் இவ்வேறுபாடு பெரிதும் கருதத்தக்கது. முதலாவது கருவியைச் செய்தவர் தருவது. இரண்டாவது அதனை வைத்தாள்பவர் தருவது.

உரிமை பெற்ற கருவியை உறக்கத்துக்கு ஆயத்தம் செய்கையில், ஏ. ஸீ. பீ. ஐ. வழங்கும் இயந்திரங்களிற் கருனி ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ளும். முதலில், எழுப்புதற்கு வேண்டிய மின்வழிகளைத் திறக்கும். அடுத்து, 'நீ எழுப்பலாம்' என்று கருவிக்கு அறிவிக்கும். மூன்றாவதாக, அக்கருவியின் சமிக்ஞை உள்ளே வருதற்குரிய வாயிலைத் திறக்கும். மூன்றாவது படி தவறினால், முன்னிரண்டையும் மீட்டு மின்வழியை மூடிவிடும். வாயில் அடைபட்டிருக்கக் காவலாளிக்கு விளக்கெண்ணெய் வழங்குவது வீணன்றோ? தொடங்கியது முற்றுப் பெறாவிடிற் பழைய நிலைக்கு மீளுதல் என்பது கருனியை எழுதுவோர் என்றும் கைவிடாத நெறியாகும்.

பொது மின்வழியின் கணக்கு

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மின்வழியைப் பல கருவிகள் பங்கிடலாம். அவற்றுள் ஒன்று தன் பணி முடிந்ததென்று வழியை மூடினால், அதனை நம்பியிருக்கும் மற்றையது குருடாகிவிடும். அதுபோலவே, ஒரு கருவிக்காகவே கருனியின் இரு பகுதிகள் தனித்தனியே விழிப்பு மின்வலு கேட்டல் கூடும்.

இதற்குக் கருனி கண்ட வழி எண்ணிக்கை வைத்தல். ஒரு லயத்துக்குப் பொதுவாக ஒரு விளக்கு இருப்பதாகக் கொள்வோம். முதலில் வேண்டுபவர் வரும்போது விளக்கை ஏற்றுவர், எண்ணிக்கை ஒன்று. அடுத்தவர் வரும்போது மீண்டும் ஏற்றுவதில்லை, எண்ணிக்கையை இரண்டாக்குவர். ஒருவர் போகும்போது அணைப்பதில்லை. எண்ணிக்கையை ஒன்றாற் குறைப்பர். எண்ணிக்கை சுழியமாகும்போது மட்டுமே விளக்கு அணையும். எளிய முறைதான், ஆயினும் கேட்ட ஒவ்வொருவரும் தவறாது ஒருமுறை விடுதல் வேண்டும். கேட்டவர் விட மறந்தால் விளக்கு விடியுமட்டும் எரியும். கேளாதவர் விட்டாலோ, பிறர் இருக்க விளக்கு அணையும். கருவிகளின் உறக்கத்தில் நேரும் வழுக்கள் பல இவ்விரண்டனுள் ஒன்றாகவே முடிகின்றன.

எமது பெட்டியிலிருந்த சிறு கணினியில் மேற்கூறிய விதித் தொகுதி இல்லை. மின்வழிகளின் அமைப்பும் வேறு. ஆயினும் நெறி ஒன்றே.

உறங்கும் வேளையில் வந்த அழைப்பு

இனி, இத்துறை அறிஞரிடையே நெடிய விவாதத்துக்கு இடமான பகுதிக்கு வருவோம். உறங்கும் கணினியை எழுப்புவது எளிது. விழித்திருக்கும் கணினிக்கு அறிவிப்பதும் எளிது. ஆனால், கணினி உறங்கப் போகும் அதே கணத்தில் அழைப்பு வந்தால் நிகழ்வது யாது?

நள்ளிரவில் மழைமானி 749 கவிழ்ப்புகளை எண்ணிவிட்டதெனக் கொள்க. எண்ணும் நிரல், வேறு வேலை இல்லையெனக் கண்டு, உறங்குமாறு கருனியை வேண்டுகின்றது. கருனி நிரலை நிறுத்தத் தொடங்குகின்றது. அக்கணத்திலே 750ஆம் கவிழ்ப்பு நிகழ்கின்றது. சமிக்ஞை வந்தது, கருனி அதனைக் குறித்தும் கொண்டது, ஆனால் அதனைப் படிக்க வேண்டிய நிரல் ஏற்கெனவே நிறுத்தப்பட்டுவிட்டது. கணினி உறங்குகின்றது. அடுத்த கவிழ்ப்பு வந்தாலன்றி எழாது. மழை அத்துடன் ஓய்ந்துவிட்டால் அடுத்த கவிழ்ப்பு வாராது. 150 மி.மீ. நிறைந்தது என்னும் செய்தி பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மழை ஓய்ந்த பின்னும் மலை சரியலாமென்பதை மலைநாட்டார் அறிவர்.

2008ஆம் ஆண்டு வெளிவந்த அண்ட்ரொயிட் தொலைபேசியிலும் இதே இடர் இருந்தது. அழைப்பு வந்தும் மணி அடியாத தொலைபேசியை யார் வாங்குவர்? கூகிள் நிறுவனத்தார் அதற்கு ஒரு வழி கண்டனர். முக்கியமான வேலை செய்யும் நிரல் ஒவ்வொன்றும் 'யான் முடிக்குமட்டும் உறங்கற்க' என்று ஒரு பூட்டைப் பிடிக்கும். எல்லாப் பூட்டுகளும் விடப்பட்ட பின்னரே தொலைபேசி உறங்கும். அங்குப் பணியாற்றிய ஆர்வே யோன்வாக் என்பார் 2009இல் இதனை லினக்ஸ் கருனியிற் சேர்க்குமாறு முன்வைத்தார். மாதக்கணக்காக விவாதம் நடந்தது. பிழையாக எழுதப்பட்ட ஒரு நிரல் பூட்டை விட மறந்தாற் பற்றரி ஓரிரவில் வற்றும் என்பதும், ஒவ்வொரு நிரலுக்கும் அத்தகைய அதிகாரம் அளிக்கலாமா என்பதும் எழுந்த தடைகளுட் சில.

போலந்து நாட்டவரான ரபாயெல் வைசொக்கி என்பார் 2010இல் வேறொரு வழியை வகுத்தார். அது அவ்வாண்டு வெளியான 2.6.36 என்னும் பதிப்பில் இடம்பெற்றது. அதன் நுட்பம் இவ்வளவே. எழுப்புஞ் சமிக்ஞைகள் எத்தனை வந்தன என்பதைக் கருனி ஒரு தொகையாக எண்ணி வரும். உறங்க விரும்பும் நிரல் முதலில் அத்தொகையைப் படித்தல் வேண்டும். பின்னர், எஞ்சிய வேலை உண்டோ என ஆராய்ந்து, இல்லையாயின், தான் படித்த அதே தொகையைக் கருனியிடம் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இடையில் ஒரு சமிக்ஞையேனும் வந்திருந்தால் தொகை மாறியிருக்கும். கருனி அதனை ஏற்க மறுக்கும். நிரல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். தொகை ஒத்திருந்தாற் கருனி ஏற்கும். ஏற்ற பின் உறங்கத் தொடங்கிய நடுவில் ஒரு சமிக்ஞை வந்தாலும் உறக்கத்தைக் கைவிட்டு எழும்.

இதனைத் தோட்ட வழக்கில் வைத்துக் காண்போம். காவலாளியின் பதிவேட்டில் 749 என்று கண்ட கணக்கர், விளக்கணைக்கப் போகும் முன், 'நான் கண்டது 749, இப்போதும் அதுதானே?' என்று கேட்கின்றார். 'இல்லை, 750' என்பது விடையாயின் விளக்கு அணையாது. அழைப்பு எக்கணத்தில் வந்தாலும் தப்பிப் போகாது. பின்னர் 2012இல் வெளியான 3.5 பதிப்பில், கருனி இச்சோதனைகளைத் தானே செய்து, வேலையற்ற போதெல்லாம் தானே உறங்கும் ஏற்பாடும் சேர்ந்தது.

எமது பெட்டி கெட்ட காரணம்

இப்பொழுது எமது பெட்டிக்குத் திரும்புவோம். லினக்ஸ் கருனி, தன்னை எழுப்பிய ஒவ்வொரு மூலத்தின் பெயரையும், அது எத்தனை முறை எழுப்பிற்று என்பதையும் ஓர் அட்டவணையாக வைத்திருக்கின்றது. அதனை யாம் அதுவரை திறந்து பார்த்ததில்லை. பெட்டியை மீண்டும் இயக்கி, மழை பெய்யும் இன்னோர் இரவு முழுதும் வைத்திருந்து பார்த்தபோது, மழைமானியின் பெயருக்கு எதிரே சில நூறுகளே இருந்தன. மோடத்தின் பெயருக்கு எதிரே பல்லாயிரம் இருந்தன.

தொலைவிலிருந்து செய்தி அனுப்பிப் பெட்டியின் நலத்தை வினவ விரும்பி, மோடத்துக்கும் எழுப்பும் உரிமையை யாமே கொடுத்திருந்தோம். கோபுரத்தின் அலை நலிந்து வரும் அம்மலைச்சாரலில், அடைமழை வேளையில், மோடம் இணைப்பை இழப்பதும் பெறுவதுமாயிருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் அது ஒரு செய்தியாகக் கருதிக் கணினியை எழுப்பிற்று. சராசரி மூன்று செக்கனுக்கு ஒருமுறை. எழுந்த ஒவ்வொரு முறையும் இரண்டு செக்கன் விழிப்பு. அவ்வாறாயின் சராசரிச் செலவு 1.35 உவாற்று, 84 உவாற்று-மணி கொண்ட பற்றரி 62 மணி நேரத்தில் வற்றும். மூன்றாம் நாள் இரவு என்பது அதுவே. மழை எவ்வளவு கடுமையோ அவ்வளவு விரைவிற் பெட்டி சாகும். சூரிய ஒளியும் அவ்வேளையிற் கிட்டாது. பெட்டி வேண்டாத நாளெல்லாம் நன்கு இயங்கி, வேண்டிய இரவில் மட்டும் நிற்குமாறு யாமே அமைத்திருந்தோம். குற்றம் கருனியினதும் அன்று, மோடத்தினதும் அன்று. விலை அறியாது உரிமை கொடுத்தது எம் குற்றம்.

திருத்தம் சிறிது. மோடத்தின் உரிமையை நீக்கினோம். அதற்கு ஈடாக, கணினியிலுள்ள மணிக்கூடு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்ப, அப்போது வந்துள்ள செய்திகளைப் பார்க்குமாறு செய்தோம். மழைமானிக்கு மட்டும் எந்நேரமும் எழுப்பும் உரிமை நின்றது. உறங்கும் முன் தொகையைப் படித்துத் திருப்பிக் கொடுக்கும் முறையையும் எம் நிரலிற் சேர்த்தோம். அதன்பின் வந்த மழைக்காலத்திற் பெட்டி நிற்கவில்லை.

நம் கல்லூரி மாணவர்க்கு ஒன்று கூறி முடிப்போம். லினக்ஸ் கருனியின் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கதாய்த் திறந்து கிடக்கின்றது. இங்குக் கூறிய தொகையும் எண்ணிக்கையும் மீட்பும் யாவும் அங்கே ஓரிரு பக்க அளவினவாகிய சிறு பகுதிகளில் உள. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் சில வாரங்களுள் அனர்த்த நிவாரணத்துக்கென இந்நாட்டார் எழுதிய சகன என்னும் கட்டற்ற மென்பொருள் பிற நாடுகளிலும் பயன்பட்டது. ஆதலின், இத்துறை நமக்கு எட்டாததன்று. ஆனால், மலையில் ஒரு பெட்டியை வைக்க விரும்பும் எவரும் மூன்று வினாக்களுக்கு விடை காணாது திரும்பலாகாது. எழுப்பும் உரிமை யாருக்கு? அவ்வுரிமைக்கு வேண்டிய மின்வலு எங்கிருந்து வரும்? உறங்கும் கணத்தில் வரும் அழைப்புக்கு விடை யாது? அப்பெட்டியை நம்பிப் படுப்போர் இவ்வினாக்களைக் கேட்க அறியார். அவர்களுக்காக நாமே கேட்டல் வேண்டும்.